எழுத்தளித்த ஆசிரியர்

ஒரு குழந்தை முதன்முதலில் அறியும் உலகம் அதன் தாய் பேசும் மொழியே ஆகும். பசியையும் அன்பையும் அச்சத்தையும் அம்மொழியிலேதான் அது உணர்கிறது, உணர்த்துகிறது. அக்குழந்தை வளர்ந்து பள்ளிக்குச் செல்லும்பொழுது, ஆசிரியர் பேசுவதும் நூலில் எழுதியிருப்பதும் அறியாத வேற்று மொழியாக இருப்பின், அதன் நிலை யாதாகும்? பெருந்தொகையினர் பேசும் மொழிகளைப் பேணுவோர் பலர் உளர். ஆனால், காட்டிலும் மலையிலும் பனி நிலத்திலும் வாழும் பழங்குடி மக்களின் மொழிகளைப் பேணுவோர் மிகச் சிலரே. அத்தகைய மொழி ஒன்றுக்கு எழுத்தளித்து, நூலளித்து, அதனை நாட்டின் அரசியலமைப்பில் இடம்பெறும் நிலைக்கு உயர்த்த வழிகோலிய பெருந்தகையார் ஒருவர் நம் நாட்டில் தோன்றினார். அவர்தாம் பண்டித இரகுநாத முர்மு என்பார். அவர் மன்னரும் அல்லர், செல்வரும் அல்லர், ஊர்ப் பள்ளி ஆசிரியர்.

சந்தால மக்கள்

இந்திய நாட்டின் கிழக்குப் பகுதியில் சந்தாலர் என்னும் பழங்குடி மக்கள் வாழ்கின்றனர். சார்க்கண்டு, மேற்கு வங்காளம், ஒடிசா, பீகார், அசாம் ஆகிய மாநிலங்களில் அவர்கள் பரவியுள்ளனர். அண்டை நாடுகளாகிய வங்காள தேசத்திலும் நேபாளத்திலும் அவர்கள் உள்ளனர். காடு திருத்திக் கழனியாக்கி நெல் விளைப்பதில் அவர்கள் வல்லவர்கள். அவர்கள் பேசும் மொழி சந்தாலி எனப்படும். 2011ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கின்படி, இந்தியாவில் அதனைத் தாய்மொழியாகக் கொண்டோர் 73 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் ஆவர்.

சந்தாலி மொழி, தமிழ் முதலிய திராவிட மொழிகளோடும், வங்காளி முதலிய வட இந்திய மொழிகளோடும் இனத்தால் வேறுபட்டது. முண்டாரி, ஹோ ஆகிய மொழிகள் அதன் உடன்பிறப்புகள். மேகாலயத்துக் காசி மொழியும், கம்போடிய நாட்டுக் கெமர் மொழியும் அதற்குத் தூரத்து உறவு உடையவை. இத்துணைப் பழமையும் பரப்பும் உடைய அம்மொழிக்கு நெடுங்காலம் சொந்த எழுத்து இருந்ததில்லை. உலகம் தோன்றிய கதையும், முன்னோர் இடம்பெயர்ந்த வரலாறும், உழவுப் பாட்டும், மணப் பாட்டும் ஆகிய யாவும் வாய்மொழியாகவே வழங்கி வந்தன. 1855ஆம் ஆண்டில் சித்து, கானு என்னும் உடன்பிறந்தார் தலைமையில், வட்டிக் கடைக்காரரின் கொடுமையையும் ஆங்கிலேயரின் ஆட்சியையும் எதிர்த்துச் சந்தாலர் போர் தொடுத்தனர். வில்லும் அம்பும் துப்பாக்கிக்கு ஈடாகவில்லை; பல்லாயிரவர் மடிந்தனர். அப்போரைப் பற்றிய அரசாங்கக் குறிப்புகளை எழுதியவர்கள் ஆங்கிலேயர்களே. தம் கதையைத் தம் கையால் எழுதிவைக்கும் வாய்ப்பு சந்தாலர்க்கு அன்று வாய்த்திலது.

பிறப்பும் இளமையும்

ஒடிசா மாநிலத்தின் வடபகுதியில் மயூர்பஞ்சு என்னும் மாவட்டம் உள்ளது. அது முன்னாளில் மன்னர் ஆட்சிக்கு உட்பட்ட தனி அரசாக விளங்கியது. அங்கு இராயரங்கபூர் என்னும் ஊரை அடுத்துள்ள தாண்டபோசு என்னும் சிற்றூரில், 1905ஆம் ஆண்டு மே மாதம் 5ஆம் நாள் இரகுநாதர் பிறந்தார். தந்தையார் நந்தலால் முர்மு. தாயார் சல்மா முர்மு. நந்தலால் அவ்வூரின் தலைவராக இருந்தவர். முர்மு என்பது சந்தாலரின் குலப்பெயர்களுள் ஒன்றாகும்.

ஏழாம் அகவையில் இரகுநாதர் அண்மையிலிருந்த கம்பாரியா என்னும் ஊர்ப் பள்ளியில் சேர்க்கப்பட்டார். அங்கே ஆசிரியர் ஒரியர், பாடமொழியும் ஒரியா. வீட்டில் ஒரு சொல்லும் கேட்டறியாத மொழியில் கணக்கும் கதையும் கற்பிக்கப்பட்டன. நம் விழுப்புரம் வட்டாரத்துக் குயிலாப்பாளையத்தில் ஒரு சிறுவன் பள்ளிக்குச் சென்றால், அவன் அன்னை அவனை அழைக்கும் மொழியிலேயே ஆசிரியரும் அழைக்கிறார். அவன் வீட்டில் கேட்ட சொற்களே நூலிலும் இருக்கின்றன. இஃது எத்துணைப் பெரும்பேறு என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. இரகுநாதர்க்கும் அவருடைய தோழர்க்கும் இப்பேறு கிட்டவில்லை. பாடத்தைக் கற்பதற்கு முன்பாக அப்பாடத்தின் மொழியைக் கற்க வேண்டிய இரட்டைச் சுமை அவ்விளந்தோள்கள்மீது ஏறியது. சந்தாலச் சிறுவர் பலர் அச்சுமை தாங்காமல் பள்ளியை விட்டு நீங்கினர். அவர்கள் அறிவிலிகள் என்று பிறர் நகைத்தனர். குறை சிறுவரிடத்தில் இல்லை, பாடமொழியில் உள்ளது என்பதை அக்காலத்தில் உணர்ந்தோர் அரியர்.

இரகுநாதர் பள்ளியை விட்டு நீங்கவில்லை. ஊரிலிருந்து தொலைவில் இருந்த பகல்தா என்னும் ஊருக்குச் சென்று மேல்வகுப்பில் பயின்றார். பின்னர், மயூர்பஞ்சின் தலைநகராகிய பாரிபதாவில் உயர்நிலைப் பள்ளியில் கற்று, 1924ஆம் ஆண்டில் மெட்ரிகுலேஷன் தேர்வில் தேறினார். ஆயினும், பள்ளியின் முதல் நாளிலேயே அவர் உள்ளத்தில் எழுந்த வினா அவரை விட்டு அகலவில்லை. ஒரியர்க்கு ஒரிய எழுத்தும் வங்காளியர்க்கு வங்க எழுத்தும் இருக்க, சந்தாலர்க்கு மட்டும் எழுத்தின்மை ஏன் என்பதே அவ்வினா. ஊரை அடுத்த குன்றின் தனிமையில் அமர்ந்து அவர் இதனையே எண்ணியிருப்பார் என அவ்வூர் மக்கள் கூறுவர்.

எழுத்துப் படைத்தல்

சந்தாலியை அதற்கு முன்பு எவரும் எழுதியதில்லை என்று கூறுதல் பொருந்தாது. மயூர்பஞ்சில் ஒரிய எழுத்தாலும், வங்காளத்தில் வங்க எழுத்தாலும், பீகாரில் தேவநாகரியாலும், கிறித்தவச் சமயத் தொண்டர் நடத்திய பள்ளிகளில் உரோமன் எழுத்தாலும் அது எழுதப்பட்டு வந்தது. இதனால் இருவகைக் கேடுகள் விளைந்தன. ஓரிடத்துச் சந்தாலர் எழுதியதை மற்றோரிடத்துச் சந்தாலர் படிக்க இயலவில்லை. ஒரு மொழி பேசும் மக்கள் எழுத்தால் பல கூறுகளாகப் பிரிந்து நின்றனர். அன்றியும், சந்தாலியின் சிறப்பொலிகள் சிலவற்றை ஒரியம், வங்கம் முதலிய எழுத்துகளால் செம்மையாக எழுத முடியவில்லை. சந்தாலர் சொல்லின் ஈற்றில் வரும் சில வல்லின ஒலிகளை மூச்சை வெளிவிடாது அடைத்து ஒலிப்பர். அவ்வொலிக்கும் ஏனை வல்லின ஒலிக்கும் வேறுபாடு காட்டாவிடின் சொல்லின் உருவம் சிதையும். அளவு பொருந்தாத சட்டையைப் போல அவ்வெழுத்துகள் சில இடங்களில் இறுக்கின. சில இடங்களில் தொளதொளத்தன.

1925ஆம் ஆண்டில், தம் இருபதாம் அகவையில், இரகுநாதர் சந்தாலிக்கெனப் புதியதோர் எழுத்து முறையை அமைத்தார். அதற்கு ஒல் சிக்கி என்பது பெயர். ஒல் என்னும் சொல்லுக்கு எழுதுதல் என்பது பொருள். உயிரொலிகளைக் குறிப்பவை 6. மெய்யொலிகளைக் குறிப்பவை 24. ஆக எழுத்துகள் 30. தமிழிலும் உயிர் 12, மெய் 18 ஆக முதலெழுத்துகள் 30 என்பதை மாணவர் அறிவர். ஆனால், ஒல் சிக்கியில் உயிர்மெய் எழுத்துகள் இல்லை. மெய்யை அடுத்து உயிரைத் தனியே எழுதிக்கொண்டு செல்லலாம். ஆதலின், 30 வடிவங்களை மட்டும் கற்றவர் எச்சொல்லையும் எழுதிவிடலாம். பகலெல்லாம் வயலில் உழைத்து, மாலையில் சிறிது நேரமே கற்கக்கூடிய மக்களுக்கு இவ்வெளிமை பெரிதும் உதவிற்று.

எழுத்துகளின் வடிவங்களை இரகுநாதர் சந்தாலரின் அன்றாட வாழ்விலிருந்தே எடுத்துக்கொண்டார். ஓர் எழுத்து ஏரை நினைவூட்டும். மற்றொன்று கதிர் அறுக்கும் அரிவாளை நினைவூட்டும். மலையின் உச்சி, மழையில் முளைக்கும் காளான், பறக்கும் வண்டு, கரைபுரண்டு வழிமாறும் ஆறு, வளைந்து செல்லும் பாதை, களத்தில் கால்களால் மிதித்து நெற்கதிர் அடிக்கும் உழவர் ஆகிய காட்சிகளும் எழுத்துகளாயின. ஒருவர் தம்மைச் சுட்டுவதும், எதிரே நிற்பவரைச் சுட்டுவதும், அப்பால் உள்ளவரைச் சுட்டுவதும் மூன்று எழுத்துகளின் வடிவங்களாயின. தன்மை, முன்னிலை, படர்க்கை என நாம் இலக்கணத்தில் கற்கும் மூன்றிடங்களும் அங்கே எழுத்தின் உருவிலேயே அமைந்திருத்தல் காண்க. எழுத்தறியாத உழவரும் தாம் நாள்தோறும் கண்ட பொருள்களே ஏட்டில் நிற்பதைக் கண்டு அச்சம் நீங்கிக் கற்கலாயினர்.

அச்சும் நாடகமும்

எழுத்தைப் படைத்தல் ஒரு செயல். அதனை மக்களிடம் பரப்புதல் அதனினும் அரிய செயல். இரகுநாதர் பள்ளிப்படிப்பு முடிந்தபின் பாரிபதா மின்நிலையத்தில் சிறிது காலம் பணிபயின்றார். பின்னர் வங்காளத்துச் சீராம்பூருக்கு அனுப்பப்பெற்றுத் தொழிற்பயிற்சி பெற்றார். மீண்டு வந்து பாரிபதாவில் தொழிற்கல்வி ஆசிரியரானார். 1933ஆம் ஆண்டில் படம்தாலியா என்னும் ஊர்ப் பள்ளியில் ஆசிரியப் பணி ஏற்றார்.

கைத்தொழிலில் பெற்ற பயிற்சி அவருக்கு எதிர்பாராத வகையில் துணைசெய்தது. புதிய எழுத்துக்கு எந்த அச்சகத்திலும் அச்செழுத்து இல்லை. எனவே, அவர் மரத்தைச் செதுக்கி எழுத்துகள் செய்தார். மரத்தாலேயே அச்சுப்பொறி ஒன்றையும் அமைத்தார். 1939ஆம் ஆண்டில் அப்பொறி பொருட்காட்சியில் வைக்கப்பட்டது. மயூர்பஞ்சு மன்னர் பிரதாப சந்திர பஞ்சதேவ் அதனைக் கண்டு பாராட்டினார். பின்னாளில் கல்கத்தாவில் ஒல் சிக்கிக்கு உலோக அச்செழுத்துகள் வார்க்கப்பெற்றன. அதன்பின் நூல்கள் பல்கலாயின.

அரிச்சுவடி, வாசகம், கணக்கு, இலக்கணம் எனப் பள்ளிக்கு வேண்டிய நூல்கள் அனைத்தையும் இரகுநாதர் தாமே எழுதினார். எழுத்தின்மேல் மக்களுக்குப் பற்று உண்டாக்குதற்கு நாடகமே சிறந்த வழி எனக் கண்டு, நாடகங்களும் இயற்றினார். 1942ஆம் ஆண்டில் தோன்றிய பிது சந்தன் என்னும் நாடகம் அவற்றுள் புகழ்பெற்றது. விண்ணுலகத்து இளைஞனும் நங்கையும் மண்ணுலகில் மனிதராய்ப் பிறந்து, ஒருவர் மீது ஒருவர் கொண்ட அன்பை உணர்த்துதற்கு எழுத்தைக் கண்டுபிடித்தனர் என்பது அதன் கதை. சித்து, கானு இருவரின் வீரத்தையும் அவர் நாடகமாக்கினார். 1855ஆம் ஆண்டுப் போரின் கதை இவ்வாறு சந்தாலர் கையாலேயே, சந்தாலர் எழுத்திலேயே எழுதப்பட்டது.

1946ஆம் ஆண்டில் அவர் ஆசிரியப் பணியைத் துறந்தார். அதன்பின் அவருடைய பள்ளி நான்கு சுவர்களுக்குள் அடங்கவில்லை. மயூர்பஞ்சு, சிங்பூம், வங்காளத்தின் மேற்குப் பகுதிகள் ஆகிய இடங்களில் ஊர் ஊராகச் சென்று எழுத்தறிவித்தார். அவரிடம் கற்றவர் தம் ஊரில் ஆசிரியராயினர். இப்பணியைத் தொடர்ந்து நடத்தக் கழகங்களும் தோன்றின. மக்கள் அவரைக் குரு கோம்கே என அழைத்தனர். பேராசான் என்பது அதன் கருத்து.

எதிர்ப்பும் உறுதியும்

இம்முயற்சியை எல்லாரும் வரவேற்றனர் என்று கூற இயலாது. உரோமன் எழுத்திலே சந்தாலி நூல்கள் பல முன்னரே வெளிவந்திருந்தன. நார்வே நாட்டிலிருந்து வந்த சமயத் தொண்டராகிய ஸ்கிரெப்ஸ்ருட் என்பார் 1873ஆம் ஆண்டில் சந்தாலி இலக்கணம் ஒன்றை வெளியிட்டார். அந்நாட்டினரே ஆகிய போடிங் என்பார் 1929 முதல் 1936 வரை ஐந்து பெருந்தொகுதிகளாகச் சந்தாலி அகராதி வெளியிட்டார். அவர்தம் உழைப்பு போற்றத்தக்கது. உரோமன் எழுத்தில் கற்றுத் தேர்ந்த சந்தாலர் பலர் அதனைக் கைவிட விரும்பவில்லை. மாநில மொழியின் எழுத்தே போதும் என்றனர் வேறு சிலர். இரகுநாதர் எவரையும் பகைக்கவில்லை. ஒரே எழுத்து இருப்பின் பல மாநிலங்களில் சிதறியுள்ள மக்கள் ஒன்றுபடுவர் என்பதை அமைதியாக எடுத்துரைத்தார். தம் பணியைத் தொடர்ந்தார்.

நார்வே நாட்டைப் பற்றி இங்கே ஒன்று அறிதல் வேண்டும். அந்நாட்டின் வடகோடியில், பனி மூடிய நிலத்தில், கலைமான் மேய்த்தும் மீன் பிடித்தும் வாழும் சாமி என்னும் பழங்குடியினர் உள்ளனர். அந்நாட்டு அறிஞர் இந்தியாவில் சந்தாலிக்கு இலக்கணமும் அகராதியும் செய்துகொண்டிருந்த அதே காலத்தில், அந்நாட்டுப் பள்ளிகளில் சாமிக் குழந்தைகள் தம் தாய்மொழியை விட்டு நார்வே மொழியிலேயே கற்க வற்புறுத்தப்பட்டனர். பல குடும்பங்களில் பேரன் மொழி பாட்டிக்கும் பாட்டி மொழி பேரனுக்கும் விளங்காத நிலை உண்டாயிற்று. நெடிய போராட்டத்தின்பின் 1987ஆம் ஆண்டில் சாமி மக்களுக்கெனச் சட்டம் ஒன்று பிறந்தது. 1989ஆம் ஆண்டில் அவர்களுடைய மன்றம் திறக்கப்பட்டது. பின்னர் அவர்கள் மொழிக்கும் சட்டப் பாதுகாப்புக் கிடைத்தது. 2024ஆம் ஆண்டில் நார்வே நாடாளுமன்றம் பழைய கொடுமைக்காக வருத்தம் தெரிவித்தது. வெப்ப நாட்டுச் சந்தாலச் சிறுவனும் பனி நாட்டுச் சாமிச் சிறுமியும் வகுப்பறையில் பட்ட துன்பம் ஒன்றே என்பது இதனால் விளங்கும்.

உரிமை பெற்ற வரலாறு

நம் நாடு விடுதலை பெற்றபின், அரசியலமைப்பு வகுக்கப்பட்டபொழுது, தனி மொழியோ எழுத்தோ பண்பாடோ உடைய மக்கள் அவற்றைக் காத்துக்கொள்ளும் உரிமை உடையர் என்னும் விதி அதில் இடம்பெற்றது. ஆயினும், அதன் எட்டாம் அட்டவணையில் முதலில் வைக்கப்பட்ட 14 மொழிகளுள் பழங்குடியினர் மொழி ஒன்றேனும் இல்லை. முண்டா இனத்தலைவர் செயபால் சிங் 1949ஆம் ஆண்டில் அரசியல் நிர்ணய சபையில் முண்டாரி, கோண்டி, ஒராவன் ஆகிய மொழிகளையும் சேர்க்க வேண்டுமென வாதாடினார், அவ்வேண்டுகோள் ஏற்கப்படவில்லை. தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் பெறச் சிறுபான்மை மொழியினர் குழந்தைகளுக்கு வசதி செய்தல் வேண்டும் என்னும் விதி 1956ஆம் ஆண்டில் சேர்க்கப்பட்டது. விதி ஏட்டில் இருந்தது. அது வகுப்பறைக்கு வரப் பல்லாண்டுகள் ஆயின.

1979ஆம் ஆண்டில் மேற்கு வங்காள அரசு ஒல் சிக்கி எழுத்தை ஏற்றுக்கொண்டது. அவ்வாண்டிலேயே இரகுநாதர்க்குச் சிறப்புச் செய்தது. ஒருவர் தம் இருபதாம் அகவையில் விதைத்த விதை எழுபதைக் கடந்த அகவையில் பயன் தருவதைக் கண்டார். எனினும், அரசியலமைப்பில் தம் மொழி ஏறுவதைக் காணும் பேறு அவருக்கு வாய்க்கவில்லை. 1982ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் முதல் நாள் அவர் இயற்கை எய்தினார்.

அவர் தொண்டு அவரோடு முடிந்துவிடவில்லை. 2003ஆம் ஆண்டில் நிறைவேறிய தொண்ணூற்றிரண்டாம் திருத்தச் சட்டத்தால், போடோ, டோக்ரி, மைதிலி ஆகிய மொழிகளோடு சந்தாலியும் எட்டாம் அட்டவணையில் இடம்பெற்றது. 2005ஆம் ஆண்டு முதல் சாகித்திய அகாதெமி சந்தாலி இலக்கியத்துக்கும் பரிசு வழங்கி வருகிறது. 2008ஆம் ஆண்டில் உலகப் பொதுவான கணிப்பொறி எழுத்துத் தொகுதியில் ஒல் சிக்கி சேர்க்கப்பட்டது. மரத்தில் செதுக்கிய எழுத்து இன்று கைப்பேசித் திரையில் ஒளிர்கிறது. இராயரங்கபூரை அடுத்த சிற்றூரில் பிறந்த சந்தாலப் பெண்மணியாகிய திரௌபதி முர்மு 2022ஆம் ஆண்டு சூலை 25ஆம் நாள் இந்தியக் குடியரசுத் தலைவராகப் பதவியேற்றார். 2025ஆம் ஆண்டில் ஒல் சிக்கிக்கு நூறாண்டு நிறைந்தது. வைகாசி முழுநிலா நாளில் சந்தாலர் இரகுநாதர் பிறந்தநாளைக் கொண்டாடுகின்றனர்.

நாம் செய்யத்தக்கது

சந்தாலி பெற்ற உயர்வை ஏனைப் பழங்குடி மொழிகள் இன்னும் பெறவில்லை. செயபால் சிங் குறிப்பிட்ட மூன்று மொழிகளும் அட்டவணையில் இன்றும் இடம்பெறவில்லை. நம் தமிழகத்து நீலகிரியில் தோடர், கோத்தர், குறும்பர், இருளர் முதலியோர் தத்தம் மொழிகளைப் பேசுகின்றனர். அவற்றுள் தோடர் மொழியும் கோத்தர் மொழியும் சில ஆயிரவர் நாவில் மட்டுமே வாழ்வன. இருளர் குடும்பங்கள் விழுப்புரம், திண்டிவனம் பகுதிகளிலும் உள்ளன. அவர்களுடைய பிள்ளைகள் நம் பள்ளிகளிலேயே நம்மோடு அமர்ந்து கற்கின்றனர். அவர்தம் சொல்லையும் பேச்சையும் கேட்டு நகைப்பது, அன்று சந்தாலச் சிறுவரைக் கண்டு நகைத்தோர் செய்த பிழையையே மீண்டும் செய்வதாகும். அவர்கள் செடி கொடிகளுக்கும் விலங்குகளுக்கும் வழங்கும் பெயர்களை அன்போடு கேட்டறிந்து, எழுதிவைப்பது நம்மால் இயலும் தொண்டாகும்.

தம் மொழியைப் போற்றுவோர் பிறர் மொழியையும் மதித்தல் வேண்டும். தமிழின் தொன்மையை எண்ணிப் பெருமிதம் கொள்ளும் நாம், எழுத்தில்லாத மொழிக்கும் அதனைப் பேசும் தாய்க்கும் அதே பெருமிதம் உண்டு என்பதை உணர்தல் வேண்டும். இரகுநாத முர்மு படை திரட்டவில்லை, பெரும்பொருள் செலவிடவில்லை. உளியும் மரமும், ஏடும் எழுதுகோலும், ஐம்பதாண்டுப் பொறுமையுமே அவர் கைக்கொண்ட கருவிகள். அவற்றால், தம் மக்களின் குழந்தைகள் பள்ளியின் முதல் நாளிலேயே தம் மொழியைக் கேட்கும் வழியை அவர் திறந்து வைத்தார்.